கிஃப்ட், மிஸ்ட், மேர்: ஒரே முகம், வேறு பொருள்

செந்தூரப்பூ:

ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு நர்ஸ் வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை துணி துவைக்க நிலவறைக்குப் போனேன். மெஷினுக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஒரு கறுப்புப் பெட்டி. அதன் மேல் 'ராட்டன்கிஃப்ட்' என்று கொட்டை எழுத்து. ராட்டன் என்றால் எலிகள் என்று தெரியும். எலிக்கும் பரிசுக்கும் என்ன சம்பந்தம் என்று குனிந்து கையை நீட்டியபோதுதான் ஓரத்தில் இருந்த மண்டையோட்டுப் படம் கண்ணில் பட்டது. கையை இழுத்துக்கொண்டேன்.

ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷம். ஆங்கிலத்தில் பரிசு. ஓர் எழுத்துகூட மாறவில்லை. இது தற்செயலா, இல்லை இரண்டும் ஒரே சொல்லா?

என் நோட்டில் இந்த மாதிரி ஒரு பக்கம் சேர்ந்துவிட்டது. மிஸ்ட் ஆங்கிலத்தில் மூடுபனி, இங்கே சாணக்குப்பை. 'ஸே' என்றால் ஏரி என்று படித்தேன், ஆனால் வடகடலை 'நோர்ட்ஸே' என்கிறார்கள். 'வேர்' என்றால் யார், 'வோ' என்றால் எங்கே. ஆங்கிலம் படித்த காதுக்கு நேர் தலைகீழ். மனப்பாடம் பண்ணினால் தேர்வு வரைக்கும் நிற்கும். காரணம் தெரிந்தால் மறக்கவே மறக்காது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

சகோதரி, கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். தற்செயலா, ஒரே சொல்லா என்று ஒவ்வொரு ஜோடியிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். முகம் ஒத்துப்போவது மட்டும் சாட்சி ஆகாது.

கிஃப்ட் விஷயத்தில் இரண்டும் ஒரே சொல்தான். கொடு என்பதற்கு ஜெர்மனில் 'கேபன்', ஆங்கிலத்தில் 'கிவ்'. அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் கிஃப்ட், அதாவது கொடை. பழைய ஜெர்மனிலும் அதுதான் பொருள். விஷம் வந்தது வைத்தியர் வழியாக. கிரேக்கத்தில் கொடுத்தலுக்கு 'டோசிஸ்' என்று பெயர். ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவையும் அப்படியே அழைத்தார்கள். இன்றைக்கு நாம் டோஸ் என்கிறோமே, அதே சொல். லத்தீன் வழியாக அது ஜெர்மன் பேசும் இடங்களுக்கு வந்தபோது, அந்த டோசிஸின் பொருளைத் தங்கள் சொல்லான கிஃப்ட் மேல் ஏற்றினார்கள். ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. என்ன கொடுக்கப்பட்டது என்று வாய்விட்டுச் சொல்லக் கூசும் இடத்திலும் அந்தச் சொல்லே புழங்கி, கடைசியில் கூசிய பொருளே அதில் தங்கிவிட்டது.

நம் ஊரில் 'அவனுக்கு மருந்து வைத்துவிட்டார்கள்' என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் யாரும் காய்ச்சல் மருந்து என்று நினைப்பதில்லை. அதை இடுமருந்து என்போம். இடுதலும் கொடுத்தல்தானே. விஷத்துக்கு பிரெஞ்சில் உள்ள 'ப்வாஸோன்' என்ற சொல்லும் லத்தீனில் வெறும் பானமாக இருந்ததுதான்.

பழைய பொருள் ஜெர்மனில் ஒரு மூலையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'மிட்கிஃப்ட்' என்றால் சீதனம். பெண்ணோடு கூடக் கொடுத்தது. சொல்லின் பாலைக் காட்ட அதற்கு முன்னால் 'டீ' போடுவார்கள், விஷத்துக்கு 'டாஸ்'. உங்கள் நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பனங்கூடல்:

இதில் நான் கட்டாயம் எழுத வேண்டும். எங்கள் குடும்பம் 90களில் முதலில் ஜெர்மனி, பிறகு நோர்வே. அம்மாவுக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியும். பேர்கனுக்கு வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் படிவம் தந்தார்கள். பெயர், பிறந்த தேதிக்குக் கீழே இரண்டு கட்டம். ஒன்றில் 'கிஃப்ட்', மற்றதில் அதன் எதிர்ச்சொல் 'உகிஃப்ட்'. அம்மா பேனையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தா. விஷம், விஷமில்லை என்று எதற்குக் கேட்கிறார்கள் என்று அவவுக்கு விளங்கவில்லை. அங்கிருந்த பெண்மணி தன் மோதிரத்தைத் தொட்டுக் காட்டினார். கல்யாணம் ஆனவர், ஆகாதவர்.

எழுத்து ஜெர்மனில் உள்ளது போலவே. வாசிக்கும்போது மட்டும் 'யிஃப்ட்'. நோர்வேஜியத்தில் அதே சொல் விஷத்துக்கும் உண்டு. சுவீடனிலும் டென்மார்க்கிலும் அப்படியே. வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் அம்மா தானாகவே சொன்னா: 'பெண் குடுக்கிறது எண்டு நாங்களும் சொல்லுறம்தானே, அதுவாத்தான் இருக்கும்.' அவ சொன்னது சரியா அண்ணா?

வைகைக்கரை:

முழுக்கச் சரி. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கொடுக்கப்பட்ட பெண் என்பதுதான் மூலப்பொருள். கொள்வினை, கொடுப்பினை என்று நாம் சொல்கிறோமே, அதே கொடுப்பினை. இன்னொன்றும் உண்டு: பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் பெண்ணுக்குக் கொடுக்கும் பரியத்தைக் குறித்தது, பன்மையில் சொன்னால் கல்யாணம். அதன் முதல் ஒலியும் நோர்வேயில் போல 'யி'தான். இன்றைய ஆங்கிலத்தில் கேட்கும் அழுத்தமான 'கி', அங்கே குடியேறிய வட நாட்டு (ஸ்காண்டிநேவிய) மக்களின் அந்தக் காலப் பேச்சிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஆக, பரிசும் விஷமும் கல்யாணமும் ஒரே கொடையின் மூன்று பிள்ளைகள்.

தமிழ்வேர்:

இவ்வளவு சுற்றிப் போக வேண்டுமா என்று தோன்றுகிறது. ஒன்று, ஒன். எட்டு, எய்ட். கேட்டவுடனே தெரிகிறதே. இவை தமிழிலிருந்து அங்கே போனவை என்றுதான் சின்ன வயதிலிருந்து நம்பி வருகிறேன். தவறு என்றால் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

வைகைக்கரை:

கேட்டதற்கு நன்றி ஐயா. எனக்கும் இருபது வயதில் இதே எண்ணம் இருந்தது. சோதிக்கும் வழி எளிது. சொல்லைப் பின்னோக்கி நடத்திப் பார்க்க வேண்டும். உறவு உண்மை என்றால் பின்னால் போகப் போக இரண்டும் நெருங்கும்.

எய்ட் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் இரண்டு எழுத்து ஊமையாக நிற்கும். அவை சும்மா வந்தவை இல்லை. ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து வரும் ஒரு 'ஹ்' அங்கே ஒலித்தது. ஜெர்மனிலும் டச்சிலும் இன்றைக்கும் அந்த ஒலி இருக்கிறது: 'ஆஹ்ட்'. இன்னும் பின்னால் போனால், இதே குடும்பத்தின் பழைய மொழியான கோத்திக்கில் 'அஹ்தௌ'. பக்கத்து வீட்டு லத்தீனில் 'ஒக்தோ', வடமொழியில் 'அஷ்ட'. பார்த்தீர்களா, பின்னால் போகப் போக எட்டை விட்டு விலகுகிறது.

இப்போது நம் எட்டை நடத்துங்கள். எண்பது, எண்ணூறு, எண்திசை. வேர் 'எண்'. அந்த 'ண்' மற்றவை எதிலும் இல்லை. இருவரும் வேறு வேறு ஊரிலிருந்து கிளம்பி ஒரே பேருந்து நிறுத்தத்தில் வந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

'ஒன்' கதையும் அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்', ஜெர்மனில் 'ஐன்', டச்சில் 'ஏன்'. முன்னால் ஒட்டியிருக்கும் 'வ' ஒலி பிற்காலத்தில் ஆங்கிலத்தின் வட்டார வழக்கிலிருந்து வந்தது. 'ஓன்லி', 'அலோன்' இரண்டும் அதே சொல்லிலிருந்து பிறந்தவை, அவற்றில் 'வ' இல்லை பாருங்கள்.

தமிழிலிருந்து உண்மையாகப் போனவை இருக்கின்றன. கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய், ஜெர்மனில் 'கட்டமரான்' ஆகி, இன்று பால்டிக் கடலில் ஓடும் படகுக்கும் அதுதான் பெயர். அதற்குக் கப்பல் இருக்கிறது, வியாபாரம் இருக்கிறது, வழி தெரிகிறது. அதைப் பெருமையாகச் சொல்வோம். எட்டை விட்டுவிடுவோம்.

தமிழ்வேர்:

எண்பது, எண்ணூறு என்று சொன்னதும் புரிந்துவிட்டது. தினமும் வாயில் வரும் சொல், ஒருநாளும் யோசித்ததில்லை. நன்றி. அப்படியென்றால் ஜெர்மனும் ஆங்கிலமும் உறவு என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்?

வைகைக்கரை:

ஒலி மாற்றம் ஒழுங்காக நடக்கிறது என்பதை வைத்து. டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் 1818இல் வெளியிட்ட கட்டுரையில் இதைப் பிடித்தார். 1822இல் ஜேக்கப் கிரிம் தன் ஜெர்மன் இலக்கணத்தின் இரண்டாம் பதிப்பில் விதியாகவே எழுதினார். தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான். லத்தீனில் 'ப' வரும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில், அதாவது ஜெர்மன், ஆங்கிலம், டச்சு, வடநாட்டு மொழிகள் சேர்ந்த குடும்பத்தில், 'ஃப', 'க' வரும் இடத்தில் 'ஹ'. ஒரு சொல்லில் இல்லை, வரிசையாக எல்லாவற்றிலும். இந்த விதியைப் பிடித்துக்கொண்டால் கண் ஏமாறாது. உதாரணமாக, ஜெர்மனின் 'ஹாபன்', லத்தீனின் 'ஹபேரே' இரண்டுக்கும் 'வைத்திருத்தல்' என்றே பொருள், முகமும் அச்சு அசல். ஆனால் உறவு இல்லை. ஹாபனின் லத்தீன் உறவு 'கபேரே', பிடித்தல்.

அதற்குப் பிறகு தெற்கு ஜெர்மனியில் மட்டும் இன்னொரு மாற்றம் நடந்தது, சுமார் 5 முதல் 8ஆம் நூற்றாண்டுக்குள். ஆங்கிலமும் டச்சும் வடநாட்டு மொழிகளும் பழைய ஒலியிலேயே நின்றன, ஜெர்மன் நகர்ந்துவிட்டது. ஆப்பிள் 'அப்ஃபெல்' ஆனது, வாட்டர் 'வாஸர்' ஆனது, டென் 'ட்ஸேன்' ஆனது. நான் இருக்கும் டூசல்டோர்ஃபின் தெற்கில் பென்ராட் என்று ஒரு பகுதி. இந்த மாற்றம் வந்து நின்ற எல்லைக்கு மொழியியலில் அதன் பெயர்தான். அந்தக் கோட்டுக்கு வடக்கே பழைய வட்டார வழக்கில் 'மாக்கன்', தெற்கே 'மாஹன்'. செய்தல் என்று பொருள். கோடு ரைன் நதியைத் தாண்டும் இடம் அது. நதிக்கரையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, மரமும் தண்ணீரும்தான். எனக்கு அங்கே போய் நிற்கப் பிடிக்கும்.

முகமே ஒட்டாத உறவுக்கும் ஓர் உதாரணம். லத்தீனில் 'கௌபோ' என்றால் சில்லறை வியாபாரி, சத்திரக்காரர். ரோமானிய வணிகத்தோடு அது வடக்கே போனது. டச்சில் வாங்குதல் 'கோப்பன்', ஜெர்மனில் 'கௌஃபன்'. டேனியர்களின் தலைநகர் கோபன்ஹேகன், வணிகர் துறைமுகம். ஆங்கிலத்தில் அதே சொல் 'சீப்'. முதலில் வியாபாரம், பேரம் என்று பொருள். லண்டனின் பழைய சந்தைத் தெரு சீப்சைடு இன்னும் அந்தப் பெயரோடு இருக்கிறது. 'நல்ல பேரம்' என்பது தேய்ந்து தேய்ந்து 'மலிவு' ஆகிவிட்டது.

செந்தூரப்பூ:

அண்ணா, கௌஃபனும் சீப்பும் ஒன்றா! இன்று வார்டில் ஒரு பாட்டியிடம் சொன்னேன், அவர் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். சரி, 'வேர்', 'வோ' மட்டும் மறந்துவிட்டீர்கள்.

வைகைக்கரை:

மன்னிக்கவும். ஜெர்மன் 'வேர்' ஆங்கில 'ஹூ'வின் உறவு. 'வோ' ஆங்கில 'வேர்'இன் உறவு. அதற்கும் கடைசியில் 'ர்' இருந்தது, ஜெர்மனில் உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த 'ர்' எங்கே போனது என்றால், அடுத்து உயிரெழுத்து வந்தால் திரும்பி வரும்: 'வோரின்', 'வோரௌஃப்', 'வாரும்'. நீங்கள் தினமும் சொல்லும் 'வாரும்', ஏன் என்று பொருள், அதில் அது இன்னும் இருக்கிறது.

ஆறாம்வாய்க்கால்:

நெதர்லாந்தின் ஐந்தோவனிலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் தஞ்சைப் பக்கம். இரண்டு விஷயம்.

முதலாவது, என் மகளின் பள்ளி அறிக்கை. ஆசிரியை கையெழுத்தில் 'ஸ்லிம்' என்று எழுதியிருந்தார். பிள்ளை சாப்பிடுவதில்லை, மெலிந்திருக்கிறாள் என்று எழுதிவிட்டாரோ என்று என் மனைவிக்குக் கவலை. அந்த வாரம் கொலோனிலிருந்து வந்திருந்த சித்தி அதை வாசித்துவிட்டு இன்னும் கலங்கிப்போனார். ஜெர்மனில் 'ஷ்லிம்' என்றால் மோசம். டச்சில் அதற்குப் புத்திசாலி என்று பொருள் என்று நான் சொன்ன பிறகுதான் இருவரும் காபி குடித்தார்கள். மூன்று மொழி, மூன்று பொருள். இது எப்படி?

இரண்டாவது, டச்சில் தோட்டம் என்பது 'டாய்ன்'. ஆங்கிலத்தின் டவுன் இதுதான் என்று ஒருவர் சொன்னார். நம்ப முடியவில்லை.

வைகைக்கரை:

மூன்று ஸ்லிம்மும் ஒரே சொல். மூலப்பொருள் சாய்ந்தது, கோணலானது. ஜெர்மனில் கோணல் கெட்டதாகப் போனது. டச்சில் கோணலான ஆள் தந்திரக்காரன் ஆகி, தந்திரக்காரன் கெட்டிக்காரன் ஆகி, இன்று உங்கள் மகளுக்குப் பாராட்டாக வந்திருக்கிறது. ஆங்கிலம் 17ஆம் நூற்றாண்டில் டச்சிலிருந்து வாங்கி, ஒல்லிக்கு வைத்துக்கொண்டது. மகளுக்கு வாழ்த்துகள்.

டாய்ன், டவுன் இரண்டும் ஒன்றே. ஜெர்மனில் அது 'ட்ஸௌன்', அதாவது வேலி. வாட்டர் வாஸர் ஆன அதே மாற்றத்தில் முதல் 'ட' இங்கே 'ட்ஸ' ஆகியிருக்கிறது. மூன்றில் பழைய பொருள் ஜெர்மனிடம்தான் இருக்கிறது. முதலில் வேலி. வேலி போட்டு அடைத்த இடம் டச்சுக்காரருக்குத் தோட்டம். ஆங்கிலேயருக்கு முதலில் பண்ணை வளவு, அப்புறம் ஊர், அப்புறம் நகரம். ஐஸ்லாந்தில் வீட்டைச் சுற்றிய புல்வெளிக்கு 'தூன்' என்கிறார்கள்.

தஞ்சைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஆறாம்வாய்க்கால்:

ஐயோ, வேலி! தாத்தா நிலத்தை வேலிக் கணக்கில்தான் சொல்வார். இருபது மா ஒரு வேலி. வேலி போட்டதால் அந்த அளவுக்கு வேலி என்று பெயர் வந்ததா என்று சின்னப் பையனாகக் கேட்டிருக்கிறேன். இங்கே வீட்டுக்குப் பின்னால் இருக்கும் டாய்னைப் பார்க்கும்போது இனி அவர் ஞாபகம்தான் வரும்.

அப்புறம், 'ஸே', 'மேர்' பற்றி நான் சொல்லலாம், இங்கே வாழ்கிறேன் என்பதால். டச்சில் 'ஸே' கடல், 'மேர்' ஏரி. ஜெர்மனில் 'மேர்' கடல், 'ஸே' ஏரி. சரியாகக் குறுக்கே போகிறது. இந்த நாட்டில் கடல் ஏரியாக மாறியதை ஊர்ப்பெயரிலேயே பார்க்கலாம். வடக்கே சௌடர்ஸே என்று ஒரு பெரிய உள்கடல் இருந்தது, தென்கடல் என்று பொருள். 1932இல் 32 கிலோமீட்டர் நீளத்துக்கு அணை கட்டி அதன் வாயை அடைத்தார்கள். உப்புத் தண்ணீர் நன்னீராக மாறியது. பெயரும் மாறியது: ஐசல்மேர். ஸே போய் மேர் வந்துவிட்டது. அணையின் மேல் கார் ஓட்டிப் போனால் ஒரு பக்கம் ஸே, மறுபக்கம் மேர், நடுவில் நாம். அங்கே காற்று காரையே ஒரு பக்கமாகத் தள்ளும்.

ஸ்கிபோல் விமான நிலையம் இருக்கும் இடமும் பழைய ஏரிதான். ஹார்லமர்மேர். 1852இல் தண்ணீரை இறைத்து முடித்துவிட்டார்கள். தண்ணீர் இல்லை, பெயரில் மேர் மட்டும் இருக்கிறது.

வைகைக்கரை:

இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது. சகோதரிக்கு ஒரு குறிப்பு: ஜெர்மனில் 'டேர் ஸே' ஏரி, 'டீ ஸே' கடல். உங்கள் நோர்ட்ஸே இரண்டாவது வகை. வடக்கு ஜெர்மனியில் டச்சு வழக்கம் தெரியும். ஹனோவர் பக்கத்தில் ஷ்டைன்ஹூடர் மேர் என்று இருப்பது ஏரிதான். ஆங்கிலத்தில் கடற்கன்னி 'மேர்மெய்டு' என்பதில் மேர் கடல், விண்டர்மேர் என்பதில் ஏரி. தேங்கி நிற்கும் பெரிய நீருக்கு இரண்டு பழைய சொற்கள், ஒவ்வொரு ஊரும் தன் கண்ணுக்குப் பெரிதாகப் பட்டதற்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறது.

பனங்கூடல்:

பொலன்னறுவையில் பராக்கிரமபாகு மன்னன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய குளத்துக்குப் பராக்கிரம சமுத்திரம் என்று பெயர். குளம்தான், ஆனால் கரையில் நின்றால் சமுத்திரம் என்றே சொல்ல வரும். நான் நின்றிருக்கிறேன்.

செந்தூரப்பூ:

எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிட்டது. மிஸ்ட் மட்டும் மிச்சம்.

வைகைக்கரை:

அதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். கிஃப்ட் போல இது ஒரே சொல் இல்லை. இரண்டு தனிச் சொற்கள், நெடுநாள் நடந்து ஒரே முகத்துக்கு வந்தவை. டச்சில் இன்றும் பிரிந்தே இருக்கின்றன: மூடுபனி 'மிஸ்ட்', எரு 'மெஸ்ட்'. ஜெர்மனில் மூடுபனிக்கு வேறு சொல் வந்துவிட்டது, 'நேபல்'. அதனால் மிஸ்ட் எருவுக்கு மட்டும் நின்றுவிட்டது.

மூடுபனி மிஸ்டின் வேர், தூறல், பனிமூட்டம் என்ற பொருள் கொண்டது. எரு மிஸ்டின் வேர், சிறுநீர் கழித்தல். இரண்டு வேரும் ஒலியில் மிக அருகில் இருந்தவை. ஜெர்மானிய மொழிகளில் அந்த வேறுபாடு அழிந்துவிட்டது. லித்துவேனிய மொழி அழியவிடாமல் வைத்திருக்கிறது. அங்கே மூடுபனி 'மிக்லா', மற்றதற்கு நடுவில் 'ஷ' போன்ற ஒலி. வடமொழியும் வைத்திருக்கிறது. முதல் வேர் அங்கே 'மேக', முகில். இரண்டாவது 'மேஹ', சிறுநீர். 'மதுமேஹ' என்பது இந்த இரண்டாவது.

இப்போது இரண்டையும் தமிழில் எழுதிப் பாருங்கள். தமிழ் எழுத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் ஒரே 'க'. மேகம். மதுமேகம். ஜெர்மானிய மொழிகளில் எது நடந்ததோ அதுவே, கடன் வாங்கிய நம் மொழியிலும் மறுபடி நடந்திருக்கிறது. நம் மேகம் ஆங்கில மிஸ்டின் உறவு. நம் மதுமேகம் உங்கள் ஜெர்மன் மிஸ்டின் உறவு. எனக்கு இது தெரிந்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

செந்தூரப்பூ:

அண்ணா, எங்கள் அப்பா சித்த வைத்தியர். சங்கரன்கோவில் பக்கம். கூடத்து அலமாரியில் சீசாக்களுக்கு அவரே கையால் பெயர் எழுதி ஒட்டுவார். ஒன்றில் 'மதுமேகச் சூரணம்', இன்னொன்றில் 'மேகநோய்க்கு' என்று இருக்கும். ஆறு வயதில் நான் அவரிடம் கேட்டேனாம்: மேகத்தில் நனைந்தால் வரும் நோயா அப்பா என்று. அவர் சிரிக்கவில்லை. இல்லை, அது வேறு மேகம், இது வேறு மேகம், எழுத்துதான் ஒன்று என்றார். எப்படி வேறு என்று கேட்டதற்கு, பெரிய பிள்ளையானதும் யாராவது சொல்வார்கள் என்றார்.

இன்று இரவுப் பணி. நடுவில் ஓய்வு கிடைக்கும்போது அவரைக் கூப்பிட்டு உங்கள் பதிவை வாசித்துக் காட்டப் போகிறேன். அங்கே அப்போது விடிந்திருக்கும்.